யார் இந்த டன்லப்? மகனின் சைக்கிளுக்குக் காற்றடைத்த மாட்டு டாக்டர்... ஜவ்வாது மலை வரை உருண்டு வந்த டயரின் கதை!

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் இருந்து ஜவ்வாது மலைப் பக்கம் சைக்கிளை மிதித்தவர்களுக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். கஷ்டம் ஏற்றத்தில் மட்டும் இல்லை, தரையிலும் இருக்கிறது. ஒரு இடத்தில் நல்ல தார், அடுத்த வளைவில் பெயர்ந்து கிடக்கும் ஜல்லி, அதைத் தாண்டினால் மண் பாதை. கொஞ்ச தூரத்திலேயே உள்ளங்கை மரத்துப் போகும், இடுப்பு கழன்று விழுகிற மாதிரி ஆகிவிடும்.

இந்த மாதிரி சாலைகளில் நாள் முழுக்க ஓட்டினாலும் உடம்பு தாங்கணும் என்பதற்காகவே 'எண்டூரன்ஸ் ரோடு பைக்' என்று ஒரு ரகம் சந்தையில் இருக்கிறது. அகலமான டயர், குறைவான காற்று, முதுகை ரொம்ப வளைக்காத அமைப்பு. நல்ல மாடல்களின் விலை லட்சங்களில் போகிறது.

ஆனால் இந்த சைக்கிள்களின் அடிப்படை ரகசியம் புதுசு இல்லை. 1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு கால்நடை மருத்துவர் தன் வீட்டு முற்றத்தில் கண்டறிந்த விஷயம்தான் அது. அவர் பெயர் ஜான் பாய்ட் டன்லப்.

ஆமாம், டன்லப் டயர், டன்லப் மெத்தை என்று நாம் சொல்கிற அதே டன்லப். பெயரைத் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது. யார் அவர்? அவருக்கும் நம் ஊர் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்ப்போம்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

1840 பிப்ரவரி 5-ம் தேதி, ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் உள்ள ட்ரெகார்ன் என்ற ஊரில் பிறந்தார் டன்லப். விவசாயக் குடும்பம். குறை மாதத்தில் பிறந்த பிள்ளை என்று வீட்டில் சொல்லி வளர்த்ததால், தன் உடம்பு பலவீனமானது என்ற எண்ணம் அவருக்குள் ஊறிப்போய் இருந்தது. அதனால் வாழ்நாள் முழுக்க உடம்பை அலட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்.

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். சொந்த மண்ணில் சுமார் பத்து வருஷம் வேலை பார்த்தார். பிறகு 1860-களின் இறுதியில் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1871-ல் மார்கரெட் ஸ்டீவன்சனைத் திருமணம் செய்தார். ஒரு மகள், ஒரு மகன்.

டவுன்பேட்ரிக் என்ற ஊரில் தம்பியுடன் சேர்ந்து மருத்துவமனை நடத்திய அவர், பிறகு பெல்ஃபாஸ்ட் நகருக்கு மாறினார். 1880-களின் நடுவில், அயர்லாந்திலேயே பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்று அவருடையது. வெள்ளிக்கிழமை கூடுகிற ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தையைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் காலத்தில் ஒரு கால்நடை மருத்துவருக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்பது புரியும். மோட்டார் வண்டி இல்லாத காலம். சரக்கு, பயணம் எல்லாமே குதிரையை நம்பித்தான்.

எலும்பை உலுக்கிய சைக்கிள்கள்

அன்றைய சைக்கிள் எப்படி இருந்தது? 1860-களில் வந்த சைக்கிள்களுக்கு மரச் சக்கரம், அதன் மேல் இரும்புப் பட்டை. அவற்றுக்கு ஆங்கிலேயர்கள் வைத்த செல்லப் பெயரே 'எலும்பு உலுக்கி' என்ற பொருள்படும் பெயர்தான். அடுத்து, முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்த உயர சைக்கிள் வந்தது. அதில் கெட்டி ரப்பர் ஒட்டினார்கள். குலுக்கல் கொஞ்சம் குறைந்ததே தவிர, போகவில்லை.

1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் உள்ள, பின்சக்கரத்தைச் செயின் சுற்றுகிற 'சேஃப்டி' சைக்கிளைக் கொண்டு வந்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வடிவம் அதுதான். கீழே விழுந்து மண்டை உடைகிற பயம் குறைந்தது. ஆனால் சின்னச் சக்கரம் குழியில் இன்னும் ஆழமாக இறங்கும். அதனால் குலுக்கல் முன்பைவிட அதிகமானது.

அதாவது, 1887-ல் சைக்கிளுக்கு எல்லாமே இருந்தது. சாலையைத் தாங்குகிற ஒரு பொருள்தான் பாக்கி.

முற்றத்தில் நடந்த சோதனை

டன்லப்பின் மகனுக்கு அப்போது பத்து வயதை ஒட்டிய பருவம். அவனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. கல் பாவிய பெல்ஃபாஸ்ட் தெருக்களில் அதை ஓட்டினால் உடம்பெல்லாம் அதிரும். பையன் படும் பாட்டைப் பார்த்த அப்பா யோசித்தார்.

1887 அக்டோபரில் ஒரு மர வட்டத்தை எடுத்தார். மெல்லிய ரப்பர் தாளில் ஒரு குழாய் செய்து அதன் விளிம்பில் சுற்றினார். மேலே துணியை இறுக்கிச் சுற்றி ஆணி அடித்தார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்து உள்ளே காற்று ஏற்றினார். அவ்வளவுதான், முதல் 'டன்லப் டயர்' தயார்.

பிறகுதான் முக்கியமான வேலையைச் செய்தார். மகனின் சைக்கிளில் இருந்து ஒரு இரும்புச் சக்கரத்தைக் கழற்றினார். அதையும் தன் காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டி விட்டார். இரும்புச் சக்கரம் பாதியிலேயே ஆடிச் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைத் தாண்டி, கேட் தூணில் மோதி, திரும்பித் துள்ளியது.

டன்லப் எதிர்பார்த்தது சொகுசு. கிடைத்தது சொகுசும் வேகமும் சேர்ந்து!

அடுத்து மகனின் சைக்கிளில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் போட்டார். அப்புறம் பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளுக்கும் போட்டுப் பார்த்தார். 1888 ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டு டிசம்பர் 7-ம் தேதி காப்புரிமை கிடைத்தது.

காற்றில் அப்படி என்ன இருக்கு?

இதைப் புரிந்துகொள்ள பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. கெட்டிச் சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது, சைக்கிளையும் ஓட்டுபவரையும் சேர்த்து மொத்த எடையையும் மேலே தூக்குகிறது. அந்தத் தூக்கலுக்கு வேண்டிய சக்தி, நாம் மிதித்த மிதியில் இருந்துதான் போகிறது. அடுத்த நொடி 'தொப்' என்று கீழே இறங்கும்போது அந்தச் சக்தி நம் முதுகில் வலியாக முடிகிறது.

காற்று டயர் அப்படி ஏறுவதில்லை. கல் பட்ட இடம் மட்டும் உள்வாங்கிக்கொள்கிறது. கல்லைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் காற்று பழையபடி தள்ளுகிறது. ஆளும் சைக்கிளும் கிட்டத்தட்ட அதே மட்டத்தில் போகிறார்கள். அதனால்தான் கரடுமுரடான பாதையில் சொகுசும் வேகமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இன்றைய எண்டூரன்ஸ் பைக்குகள் நிற்பது இந்த ஒரே விஷயத்தின் மேல்தான்.

சிரித்த கூட்டம், ஜெயித்த சைக்கிள்

காற்று டயர் போட்ட சைக்கிளை விலை கொடுத்து வாங்கிய முதல் வாடிக்கையாளர், பெல்ஃபாஸ்ட் சைக்கிள் கிளப் ஒன்றின் கேப்டன் வில்லி ஹ்யூம். போட்டியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் டன்லப்.

1889 மே 18. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழா. உப்பிய சக்கரத்தைப் பார்த்துக் கூட்டம் கேலி செய்தது. ஆனால் அன்று நடந்த நான்கு சைக்கிள் போட்டிகளிலும் ஜெயித்தது ஹ்யூம்தான். கொஞ்ச நாளில் இங்கிலாந்தின் லிவர்பூலிலும், ஒரே ஒரு போட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஜெயித்தார்.

தோற்றவர்களில் ஹார்வி டு க்ரோஸ் என்ற டப்ளின் தொழிலதிபரின் மகன்களும் இருந்தார்கள். அப்பா டு க்ரோஸ் அயர்லாந்து சைக்கிள் சங்கத் தலைவர். பிள்ளைகள் தோற்றதைவிட, எதனால் தோற்றார்கள் என்பதுதான் அவர் கண்ணில் பட்டது. டன்லப்பைத் தேடி வந்தார். இருவரும் சேர்ந்து டப்ளினில் நிறுவனம் தொடங்கினார்கள். காப்புரிமை நிறுவனத்துக்குப் போனது. டன்லப்புக்குக் கொஞ்சம் ரொக்கமும் சிறிய அளவு பங்குகளும் கிடைத்தன.

காப்புரிமை போச்சு... பெயர் மட்டும் நின்றது

1890-ல் இடி விழுந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று தகவல் வந்தது.

காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். டன்லப் ஐந்து வயதுப் பையனாக இருந்த 1845-லேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர். குதிரை வண்டிகளில் மாட்டியும் காட்டினார். ஆனால் அன்று ரப்பர் விலை அதிகம். வண்டிக்காரர்கள் யாரும் வாங்கவில்லை. சைக்கிள் என்ற ஒன்றே பரவலாக இல்லை. கண்டுபிடிப்பு மறந்து போனது. 1873-ல் தாம்சனும் இறந்துபோனார். இப்படி ஒருவர் இருந்ததே டன்லப்புக்குத் தெரியாது.

அப்படியென்றால் டன்லப்பின் பங்கு என்ன? முதலில் யோசித்தவர் அவர் இல்லை. ஆனால் உலகம் பயன்படுத்துகிற மாதிரி செய்து காட்டியவர் அவர். சேஃப்டி சைக்கிள் வந்து, நல்ல டயருக்கு ஆட்கள் ஏங்கிக்கொண்டிருந்த சரியான நேரத்தில் அவர் டயர் வந்தது.

பஞ்சரும் வால் டியூபும்

முதல் டயர்களில் ஒரு பெரிய தலைவலி இருந்தது. சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்ததால், பஞ்சர் ஆனால் கழற்றுவதே பெரும்பாடு. 1890-ல் சார்ல்ஸ் வெல்ச், வில்லியம் பார்ட்லெட் ஆகிய இருவரும் தனித்தனியாக, கழற்றி மாட்டக்கூடிய டயருக்கு வழி கண்டுபிடித்தார்கள். காப்புரிமையை இழந்த நிறுவனம் இந்தக் கண்டுபிடிப்புகளை வாங்கித்தான் பிழைத்தது.

இன்னொரு சின்னப் பொருளும் வந்தது. உட்ஸ் என்பவர் பெயரால் அழைக்கப்படும் வால்வு. ஓட்டை போட்ட ஒரு தண்டின் மேல் மெல்லிய ரப்பர் உறை. பம்ப் அடித்தால் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், திரும்பி வராது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து சைக்கிள் கடையில் நாம் 'வால் டியூப்' என்று கேட்டு வாங்கினோமே, அதே சமாச்சாரம்தான். பள்ளிக்கூடத்தில் பிடுங்கி விட்டு வம்பிழுத்ததும் அதைத்தான். இதற்கு 'டன்லப் வால்வு' என்றும் பெயர் உண்டு. டன்லப் கண்டுபிடிக்காததற்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது!

1891-ல் பிரான்சில் பாரிஸில் இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கி.மீ. போட்டி நடந்தது. கழற்றி மாட்டக்கூடிய மிஷெலின் டயரில் ஓட்டிய சார்ல்ஸ் தெரோன், மூன்று நாளுக்குள் முடித்து ஜெயித்தார். காற்று டயர் நெடுந்தூரத்துக்குத் தாங்குமா என்ற சந்தேகம் அதோடு அடங்கியது.

கோடிகள் வந்தபோது அவர் இல்லை

1892-ல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு டப்ளினுக்குக் குடிபோனார் டன்லப். ஆனால் நிறுவன அரசியல் அவருக்கு ஒத்துவரவில்லை. 1895-ல் நிறுவனத்தை விட்டு விலகினார்.

அடுத்த வருஷமே, 1896-ல், டு க்ரோஸ் இந்தத் தொழிலை டெரா ஹூலி என்ற நிதி வியாபாரிக்கு 30 லட்சம் பவுண்டுக்கு விற்றார். ஹூலி அதையே பொதுமக்களுக்கு 50 லட்சம் பவுண்டுக்குப் பங்காக விற்றார். சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்த நேரம். அந்தப் பணமழையில் டன்லப் நனையவே இல்லை. பிற்காலத்தில் டப்ளினில் ஒரு துணி வியாபார நிறுவனத்தில் ஈடுபாடு காட்டியபடி அமைதியாக வாழ்ந்தார்.

டயருக்குப் பின்னால் இருந்த ரத்தம்

இந்தக் கதையில் சொல்லாமல் விடக்கூடாத பக்கம் ஒன்று இருக்கிறது. டயர் வேண்டுமென்றால் ரப்பர் வேண்டும். 1890-களில் ரப்பர் தேவை எகிறியது. பெல்ஜியம் மன்னர் லியோபோல்டின் பிடியில் இருந்த காங்கோவில், காட்டு ரப்பர் எடுத்துத் தரச் சொல்லி மக்களை அடித்து, கைகளை வெட்டி, கொன்று குவித்தார்கள். அமேசான் காடுகளில் பழங்குடிகளுக்கும் இதே கொடுமை நடந்தது.

அடுத்து ரப்பர் தோட்டங்கள் வந்தன. மலாயாவில் காடழித்து ரப்பர் நட்டபோது, கங்காணிகள் மூலம் கப்பலேறிப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களில் இருந்து போனவர்கள். ஒடுகத்தூர் அன்றைய வட ஆற்காட்டில்தான் இருந்தது. விடியும் முன்னே எழுந்து பால்மரம் வெட்டிய அந்தக் கைகள்தான் உலகத்தின் டயர்களுக்கு ரப்பர் கொடுத்தன. 1910-களில் டன்லப் நிறுவனமும் மலாயாவில் பெரிய தோட்டங்களை வாங்கியது.

மகன் குலுங்கக் கூடாது என்று அப்பா செய்த ஒரு சின்ன வேலை, எங்கேயோ இருந்த குடும்பங்களைக் கடல் தாண்ட வைத்தது. இதில் டன்லப்புக்கு நேரடிப் பங்கு இல்லை. அவர் அதற்கு முன்பே விலகிவிட்டார். ஆனால் பெயர் அவருடையது.

தன் முகத்துக்காக ஒரு வழக்கு

தாடி வைத்த தன் உருவத்தை நிறுவனம் வணிகச் சின்னமாகப் பயன்படுத்த டன்லப் அனுமதி கொடுத்திருந்தார். ஆனால் விளம்பரங்களில் வேறு ஒன்று நடந்தது. அவர் முகத்தை, பகட்டாக உடுத்திய ஒரு ஆளின் உடம்பில் ஒட்ட வைத்தார்கள். உயரமான தொப்பி, கைத்தடி, ஒற்றைக் கண்ணாடி என ஒரே ஆடம்பரம்.

எளிமையாக வாழ்ந்த அந்த முதியவருக்கு இது அவமானமாகப் பட்டது. தன் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார். இங்கிலாந்து நிறுவனத்தை அயர்லாந்து நீதிமன்றத்தில் விசாரிக்கலாமா என்ற கேள்வி லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது.

1921 அக்டோபர் 23-ம் தேதி டப்ளின் வீட்டில் டன்லப் காலமானார். வயது 81. பலவீனமான உடம்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்! டீன்ஸ் கிரேஞ்ச் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பிற்காலத்தில் வட அயர்லாந்தின் நார்தர்ன் வங்கி வெளியிட்ட 10 பவுண்டு நோட்டில் அவர் படம் இடம்பெற்றது.

அம்பத்தூருக்கு வந்த டன்லப்

டன்லப் நிறுவனம் இந்தியாவில் 1926-ல் பதிவானது. 1936-ல் மேற்கு வங்கத்தின் சாகாகஞ்சில் தொழிற்சாலை வந்தது. 1959-ல் சென்னை அம்பத்தூரில் இரண்டாவது ஆலை. அதே அம்பத்தூரில் 1951-ல் இருந்தே டிஐ சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ் சைக்கிள்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒரே ஊரில் சைக்கிளும் டயரும்! இன்று டன்லப் ஆலை இல்லை. பல வருஷம் மூடித் திறந்து, கடைசியில் முடங்கிப்போனது. வேலை இழந்த தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாடு தனிக் கதை.

ஆனால் காற்று டயர் நம் வாழ்க்கையை மாற்றியது நிஜம். மரச் சக்கர மாட்டு வண்டி, டயர் வண்டியாக மாறியது. ஒரே பாரத்தை மாடுகள் குறைந்த சிரமத்தில் இழுத்தன. ஒரு கால்நடை மருத்துவரின் கண்டுபிடிப்புக்கு இதைவிடப் பொருத்தமான பயன் இருக்க முடியாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் மூலம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்த மண் சாலைகளில் அவர்களைத் தாங்கியதும் காற்று டயர்தான்.

இன்றைய எண்டூரன்ஸ் பைக்கில் என்ன இருக்கு?

நடுவில் ரேஸ் சைக்கிள்கள் வேறு வழியில் போயின. டயர் எவ்வளவு ஒல்லியாகவும் கல் மாதிரி இறுக்கமாகவும் இருக்கிறதோ அவ்வளவு வேகம் என்று பல வருஷம் நம்பினார்கள். 23 மி.மீ. டயர், 100 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்று. வழவழப்பான தரையில் அது சரி. ஜல்லி பெயர்ந்த சாலையில் அது மறுபடியும் 'எலும்பு உலுக்கி'தான்.

இந்த எண்ணத்தை மாற்றியதில் பிரான்சின் பாரிஸ்-ரூபே போட்டிக்கு முக்கியப் பங்கு உண்டு. 1896-ல் தொடங்கிய இந்தப் போட்டியில் 50 கி.மீ.க்கு மேல் கருங்கல் பாவிய பாதை. டன்லப்பின் மகன் ஓட்டிய தெருவைவிட மோசம். அதற்கென்று செய்த சைக்கிள்களில் இருந்துதான் எண்டூரன்ஸ் ரகம் வளர்ந்தது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் எண்டூரன்ஸ் மாடலுக்கு 'ரூபே' என்றே பெயர் வைத்தது.

முக்கிய அம்சங்கள் இவைதான்:

- டயர்: பெரும்பாலும் 32 மி.மீ. அல்லது அதற்கு மேல். அகலம் கூடக் கூட, குறைந்த காற்றிலேயே எடையைத் தாங்கும்.
- ஹேண்டில்பார்: கொஞ்சம் உயரம். முதுகும் கழுத்தும் தப்பிக்கும்.
- சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். இறக்கத்தில் ஆட்டம் குறையும்.
- டிஸ்க் பிரேக்: அகல டயருக்கு இடம் கொடுக்கும், மலை இறக்கத்தில் நம்பி இறங்கலாம்.

லட்சம் கொடுத்து வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? இருக்கிற சைக்கிளில் ஃப்ரேம் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான டயர் மாற்றலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள், உங்கள் எடைக்கு ஏற்றபடி காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம். ரொம்பவும் குறைத்தால் குழியில் ரிம் அடிபட்டு டியூப் கிழியும், கவனம்.

டயர் போதும், சாலை வேண்டாமா?

ஜவ்வாது மலைக்கு பொழுதுபோக்காக சைக்கிளில் வருபவர்களுக்குக் கரடுமுரடான பாதை ஒரு சவால், ஒரு சுவாரசியம். ஆனால் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஊராட்சிகளின் மலைக் கிராம மக்களுக்கு அதுதான் தினசரி வாழ்க்கை. பல வருஷக் கோரிக்கைக்குப் பிறகு பீஞ்சமந்தைக்குத் தார்ச்சாலை வந்தது. எல்லாக் குக்கிராமங்களுக்கும் அது போய்ச் சேர்ந்துவிடவில்லை.

2023 மே மாதம் அல்லேரி மலைப் பகுதியில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை, ஒழுங்கான சாலை இல்லாததால் நேரத்துக்கு மருத்துவமனை சேர்க்க முடியவில்லை. குழந்தை இறந்தது. உடலையும் கையில் சுமந்துதான் மலையேற்ற வேண்டியிருந்தது. தமிழகத்தையே உலுக்கிய செய்தி அது.

தன் பிள்ளை கல் தெருவில் குலுங்கக் கூடாது என்று நினைத்த ஒரு அப்பாவிடம் இருந்துதான் காற்று டயர் வந்தது. அது வந்து 130 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மோசமான சாலையை டயர் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இல்லாத சாலைக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வேலை அரசாங்கத்தினுடையது. ஒடுகத்தூருக்கு மேலே இருக்கும் கிராமங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதும் அதைத்தான்.